இணையவழி இயற்பியல் விரிவுரைகளும் தமிழ்க் கலைச்சொற்களும்: காந்தத் திருப்பு விசை, இருமுனைத் திருப்புத்திறன் ஆகியவற்றை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

காந்தப்புலத்தில் வைக்கப்பட்ட மின்னோட்டச் சுருள் ஏன் திரும்புகிறது என்பதை விளக்குவன திருப்பு விசை, காந்த இருமுனைத் திருப்புத்திறன் என்னும் இரு கருத்துகளாகும். மின்மோட்டாரின் இயக்கம் இவற்றையே அடிப்படையாகக் கொண்டது. தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்து, கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் பயிற்சி பெறும் மாணவர்கள் இக்கருத்துகளை இன்று பெரும்பாலும் ஆங்கில இணைய விரிவுரைகளின் வழியாகக் கற்கும் வாய்ப்பைப் பெற்றுள்ளனர். அவ்விரிவுரைகளைப் பின்தொடர்வதற்குத் தமிழ்க் கலைச்சொற்கள் எந்த அளவு துணைநிற்கின்றன, எவ்விடத்தில் தடையாகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இச்சொற்களின் முதற்பகுதியான ‘திருப்பு’ கருத்தைத் தெளிவாக்குகிறது என்பதும், பிற்பகுதிகளான ‘விசை’, ‘திறன்’ ஆகியவை விளக்கமின்றி விடப்பட்டால் மயக்கம் தருகின்றன என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: திருப்பு விசை, இருமுனைத் திருப்புத்திறன், கலைச்சொல்லாக்கம், இணையவழிக் கல்வி, தமிழ்வழிக் கல்வி, கும்மிடிப்பூண்டி

1. முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையையும் இருப்புப்பாதையையும் ஒட்டி அமைந்துள்ளது கும்மிடிப்பூண்டி. இங்குள்ள சிப்காட் தொழில் வளாகத்தில் இரும்பு உருக்காலைகள், கம்பி உருட்டும் ரோலிங் மில்கள், வார்ப்பாலைகள் முதலியன இயங்கிவருகின்றன. இத்தகைய ஆலைகளில் மின்காந்தம் இருவேறு வேலைகளைச் செய்வதைக் காணலாம். கிரேனில் தொங்கும் மின்காந்தம் பழைய இரும்பை ஈர்த்துத் தூக்குகிறது. மோட்டார் உருளைகளைச் சுழற்றுகிறது. முன்னது இழுத்தல், பின்னது திருப்புதல். இவ்விரு செயல்களையும் பிரித்தறிவதே காந்தவியலில் திருப்பு விசையைக் கற்பதன் தொடக்கம் எனலாம்.

இக்கருத்தைக் கற்பதற்கான வாயில்கள் கடந்த இருபதாண்டுகளில் பெருகியுள்ளன. அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகம் தன் பாடங்களை இணையத்தில் இலவசமாக வெளியிடுவதாக 2001இல் அறிவித்தது. இந்தியாவில் ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003இல் என்பிடெல் திட்டத்தைத் தொடங்கின. 2017இல் ‘சுவயம்’ தளம் அறிமுகமானது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் 2018 முதல் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்று, காணொலிப் பாடங்களுக்கு வழிகாட்டின. 2019இல் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது.

மேனிலைக் கல்வி வரை தமிழ்க் காணொலிகள் கிடைப்பினும், அதற்கு மேற்பட்ட நிலையில் விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு மாணவர் தொழிற்பயிற்சி நிலையத்திலோ பலதொழில்நுட்பக் கல்லூரியிலோ சேர்ந்து, மின்மோட்டாரின் இயக்கத்தை ஆழமாக அறிய விரும்பினால் அவர் கேட்க நேர்வது ஆங்கில விரிவுரையையே. அவரிடம் முன்னரே இருப்பவை தமிழ்க் கலைச்சொற்கள். இவ்விரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதே இக்கட்டுரையின் வினா.

2. சுருள் திரும்புவது ஏன்?

சொற்களை ஆராயும் முன் அவை சுட்டும் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது இன்றியமையாதது. செவ்வக வடிவக் கம்பிச் சுருள் ஒன்று சீரான காந்தப்புலத்தில் வைக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். அதில் மின்னோட்டம் பாயும்போது எதிரெதிர்ப் பக்கங்களில் மின்னோட்டத்தின் திசை எதிரெதிராக அமைகிறது. எனவே அப்பக்கங்களின் மீது செயல்படும் காந்த விசைகளும் அளவில் சமமாகவும் திசையில் எதிராகவும் இருக்கும். அவற்றின் கூட்டுத்தொகை சுழி. ஆகவே சுருள் எப்பக்கமும் நகர்வதில்லை. எனினும் அவ்விரு விசைகளும் ஒரே கோட்டில் அமையாமையால் சுருளைத் திருப்புகின்றன. இவ்வாறு அமையும் இணை விசைகளை இயற்பியலார் ‘இரட்டை’ என்பர். அவ்விரட்டையின் திருப்பும் விளைவே திருப்பு விசையாகும்.

இவ்விளைவின் அளவைக் கணக்கிட்டால் அது சுருளின் நீளத்தையோ அகலத்தையோ தனித்தனியே சாராமல், அவற்றின் பெருக்கமாகிய பரப்பையே சார்ந்திருப்பது புலனாகும். சுற்றுகளின் எண்ணிக்கை, மின்னோட்டம், பரப்பு ஆகிய மூன்றின் பெருக்கற்பலனுக்குக் காந்த இருமுனைத் திருப்புத்திறன் என்று பெயர். அதன் திசை சுருளின் தளத்திற்குச் செங்குத்தானது. மின்னோட்டம் செல்லும் வழியே வலக்கை விரல்களை மடக்கினால் பெருவிரல் காட்டும் திசையே அது. இதனின்று பின்வரும் தொடர்பு கிடைக்கிறது:

திருப்பு விசை = இருமுனைத் திருப்புத்திறன் × காந்தப்புலம் × இவற்றின் இடைக்கோணத்தின் சைன் மதிப்பு

சான்றாக, 5 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட 100 சுற்றுச் சுருளில் 0.5 ஆம்பியர் மின்னோட்டம் பாய்வதாகக் கொள்ளலாம். பரப்பு 0.002 சதுர மீட்டர். எனவே இருமுனைத் திருப்புத்திறன் 0.1 ஆம்பியர் சதுர மீட்டர். இச்சுருளை 0.2 டெஸ்லா புலத்தில் வைத்தால் பெரும திருப்பு விசை 0.02 நியூட்டன் மீட்டராகும். இடைக்கோணம் 30 பாகையாயின் அது பாதியாகக் குறைந்து 0.01 நியூட்டன் மீட்டராகும். கோணம் சுழியாகும்போது திருப்பு விசையும் சுழியாகிவிடும்.

இங்கு இரண்டு செய்திகள் நோக்கத்தக்கவை. முதலாவது, இருமுனைத் திருப்புத்திறன் சுருளுக்கும் அதன் மின்னோட்டத்திற்கும் மட்டுமே உரிய பண்பு. புலம் இல்லாதபோதும் அதன் மதிப்பு 0.1 தான். திருப்பு விசையோ சுருளும் புலமும் சேர்ந்தபோது மட்டும் தோன்றுவது. இரண்டாவது, சூத்திரத்தில் வரும் கோணம் சுருளின் தளத்திற்கும் புலத்திற்கும் இடைப்பட்டது அன்று. தளத்திற்கு வரையப்பட்ட செங்குத்திற்கும் புலத்திற்கும் இடைப்பட்டது. சுருளின் தளம் புலத்திற்கு இணையாக உள்ளபோதே திருப்பு விசை பெருமமாகிறது. மாணவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது.

3. ஆங்கிலச் சொற்களின் பின்புலம்

விரிவுரைகளில் ஒலிக்கும் ‘டார்க்’, ‘டைபோல் மொமெண்ட்’ ஆகிய சொற்கள் ஆங்கில மாணவருக்கும் வெளிப்படையானவை அல்ல. ‘டார்க்’ என்பது முறுக்குதல் எனப் பொருள்படும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. ‘மொமெண்ட்’ என்பதன் வேர் அசைதலைக் குறிக்கும் இலத்தீன் சொல். தராசின் தட்டை அசைக்கப் போதுமான சிற்றெடை என்ற பொருளும், மிகச் சிறிய காலப்பகுதி என்ற பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. அன்றாட ஆங்கிலத்தில் காலப்பொருளே முதன்மை பெற்றுவிட்டது. ஆகவே, ‘மொமெண்ட்’ என்ற சொல்லைக் கேட்கும் தொடக்கநிலை மாணவருக்கு நொடிப்பொழுது என்ற பொருளே முதலில் தோன்றுவது இயல்பு. இயந்திரப் பெயர்ப்பில் உருவாகும் தமிழ் வசன வரிகளும் இதே குழியில் விழக்கூடும். பெயர்ப்புக் கருவி பொதுமொழிப் பொருளை எடுத்துக்கொண்டால் திருப்புத்திறன் ‘தருணம்’ ஆகிவிடும்.

‘டைபோல்’ என்பதிலும் வரலாற்றுச் சுவடு உண்டு. 1820இல் மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புவதை எர்ஸ்டெட் வெளிப்படுத்தினார். அதனைத் தொடர்ந்து, மின்னோட்டச் சுற்று ஒன்று காந்தத்தைப் போலவே செயல்படும் என்பதை ஆம்பியர் நிறுவினார். அதற்கு முன் காந்தம் என்பது இரு முனைகளை உடைய சட்டமாகவே எண்ணப்பட்டது. இருமுனை என்னும் பெயர் அப்பழைய படிமத்திலிருந்து வந்தது. இன்று அப்பெயர் முனைகள் எவையும் புலப்படாத கம்பி வளையத்திற்கும் வழங்குகிறது.

4. தமிழ்ச் சொற்களின் அமைப்பு

தமிழில் அறிவியற் கலைச்சொல்லாக்கத்திற்கு நெடிய மரபு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோரின் முயற்சியால் கலைச்சொற்களுக்கெனத் தனிச் சங்கம் தோன்றியது. 1954 முதல் 1968 வரை தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. இன்றைய பாடநூற் சொற்கள் இத்தகைய தொடர்முயற்சிகளின் விளைச்சலாகும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்கும் ‘திருப்பு விசை’, ‘திருப்புத்திறன்’ ஆகிய இரண்டிலும் ‘திருப்பு’ என்னும் அடிச்சொல் பொதுவாக உள்ளது. ‘திரும்பு’ என்னும் தன்வினையின் பிறவினை வடிவம் அது. ஒன்று மற்றொன்றைத் திரும்பச் செய்கிறது என்ற பொருள் சொல்லிலேயே அடங்கியுள்ளது. ஆங்கிலத்தில் ‘டார்க்’, ‘மொமெண்ட்’ ஆகியவற்றிடையே உறவு இருப்பதை ஒலியைக் கொண்டு அறிய இயலாது. தமிழிலோ இரண்டும் ஒரே செயலைப் பற்றியவை என்பது கேட்டவுடன் விளங்குகிறது. மேலும், சுருளிடம் உறைந்திருப்பது திறன், புலத்தில் வெளிப்படுவது விசை என்று கொள்ளும்போது, முன்பகுதியில் கண்ட முதற்செய்தி சொற்களிலேயே வெளிப்படுகிறது. இது தமிழ்ச் சொற்களின் சிறப்பு.

மயக்கம் தோன்றுவது பிற்பகுதிகளில். அதனை மூவகையாகப் பகுக்கலாம்.

அ) விசை: இயற்பியலில் விசை நியூட்டன் என்னும் அலகால் அளக்கப்படுவது, பொருளை நகர்த்துவது. திருப்பு விசையோ நியூட்டன் மீட்டரால் அளக்கப்படுகிறது. எனவே அது விசையின் ஒருவகை அன்று. விசையும் தொலைவும் சேர்ந்து தரும் விளைவு. ‘மின்னியக்கு விசை’ என்பதும் இதனைப் போன்றதே. அது வோல்ட்டால் அளக்கப்படுகிறது. அதுவும் உண்மையில் விசை அன்று.

ஆ) திறன்: தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘திறன்’ தனித்து வரும்போது ஒரு நொடியில் செய்யப்படும் வேலையைக் குறிக்கிறது, அதன் அலகு வாட். அதே சொல் ‘மின்தேக்குத்திறன்’, ‘விடுதிறன்’, ‘உட்புகுதிறன்’ போன்ற தொடர்களின் ஈற்றில் நின்று ஆற்றற்கூறு அல்லது இயல்பு என்ற பொதுப்பொருளைத் தருகிறது. திருப்புத்திறனில் உள்ளது இரண்டாவது பொருளே. முதற்பொருளைக் கொண்டால் இருமுனைத் திருப்புத்திறனை வாட்டில் அளக்க வேண்டியதாகிவிடும்.

இ) இருமுனை: சட்டக் காந்தத்தின் படிமத்தை இச்சொல் முன்னிறுத்துவதால், மின்னோட்ட வளையத்தில் முனைகளைத் தேடும் நிலை ஏற்படுகிறது. வளையத்தின் ஒரு முகம் வடமுனையாகவும் மறு முகம் தென்முனையாகவும் செயல்படுகிறது என்ற விளக்கம் உடன்வந்தால் இம்மயக்கம் நீங்கும்.

திறன், விசை என்னும் வேறுபாடு காந்த இருமுனைக்குப் பொருந்துவதுபோல் எல்லா இடங்களிலும் பொருந்தாது என்பதையும் கருத வேண்டும். ‘விசையின் திருப்புத்திறன்’ என்பது திருப்பு விசையையே குறிக்கிறது. ‘நிலைமத் திருப்புத்திறன்’ என்பதோ திரும்புதலுக்கு ஒரு பொருள் காட்டும் தயக்கத்தின் அளவு. ஆங்கிலத்தில் இவை அனைத்திலும் ‘மொமெண்ட்’ இருப்பதால், தமிழிலும் ஒரே சொல் இடப்பட்டுள்ளது. ஆகவே கலைச்சொல்லைக் கொண்டு மட்டும் பொருளை உய்த்துணர்வது ஓரளவுக்கே இயலும்.

5. ஈழத்து வழக்கு

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களின் வழக்கு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு ‘மொமெண்ட்’ என்பதற்குத் ‘திருப்பம்’ என்ற சொல் வழங்குகிறது. தமிழ்நாட்டில் நிலைமத் திருப்புத்திறன் எனப்படுவது அங்கு ‘சடத்துவத் திருப்பம்’ எனப்படும். வாட்டில் அளக்கப்படும் அளவுக்கு அங்கு ‘வலு’ என்பது பெயர். ஆகவே திறன் என்னும் சொல் இருபொருள்பட நின்று மயக்கும் நிலை அவ்வழக்கில் எழுவதில்லை.

ஒன்றைத் தள்ளி மற்றொன்றைக் கொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. பல தலைமுறை மாணவர் பயின்ற சொல்லை மாற்றுவது புதிய குழப்பத்திற்கு வழிவகுக்கும். ஆயினும், தமிழ்நாட்டு மாணவருக்குத் திருப்புத்திறனை விளக்கும்போது ‘திருப்பம்’ என்னும் ஈழத்துச் சொல்லை ஆசிரியர் ஒருமுறை எடுத்துக்காட்டினால், ‘திறன்’ அங்கு வாட்டைக் குறிக்கவில்லை என்பது எளிதில் விளங்கும். இரு வழக்குகளும் ஒன்றற்கொன்று விளக்கவுரையாக அமையும்.

6. பணிமனையில் சொல்லின் விளைவு

இம்மயக்கம் தேர்வு மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதன்று. மோட்டாரின் நேம் பிளேட்டில் கிலோவாட்டும் நிமிடத்திற்கான சுற்றும் பொறிக்கப்பட்டிருக்கும். திருப்பு விசை பெரும்பாலும் பொறிக்கப்படுவதில்லை. அதனைக் கணக்கிட்டே பெற வேண்டும். திறன் என்பது திருப்பு விசையையும் கோணத் திசைவேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது. 7.5 கிலோவாட் மோட்டார் நிமிடத்திற்கு 1440 சுற்று சுழன்றால் அதன் முழுச்சுமைத் திருப்பு விசை ஏறத்தாழ 49.7 நியூட்டன் மீட்டர். அதே 7.5 கிலோவாட் மோட்டார் 960 சுற்று சுழல்வதாயின் அது ஏறத்தாழ 74.6 நியூட்டன் மீட்டர். திறன் ஒன்றே, திருப்பு விசை ஒன்றரை மடங்கு வேறுபடுகிறது.

பளு தூக்கும் அமைப்பொன்றில் 960 சுற்று மோட்டார் பழுதாகி, கிலோவாட் ஒன்றே என்று கருதி 1440 சுற்று மோட்டாரை அதே பற்சக்கரப் பெட்டியுடன் பொருத்துவதாகக் கொள்வோம். பளு மாறவில்லையாதலால் தேவைப்படும் திருப்பு விசையும் மாறவில்லை. புதிய மோட்டார் முழுச்சுமையில் தருவதோ அதில் மூன்றில் இரண்டு பங்கே. அது மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். பாதுகாப்புக் கருவி நிறுத்தாவிடில் காயில் எரிந்துபோகும். திறனையும் திருப்பு விசையையும் ஒன்றாக எண்ணியதன் விலை அது. அதற்குப் பின் மோட்டாருக்குக் காயில் கட்டும் செலவும், ஆலை நின்ற நேரத்தின் இழப்பும், சில வேளைகளில் பணியாளரின் பாதுகாப்பும் அதில் அடங்கும்.

பணிமனைப் பேச்சில் ‘மோட்டார் இழுக்கவில்லை’ என்பர். அங்குக் குறிப்பது திருப்பு விசையின் குறைவையே. போல்ட்டை முடுக்கும் ‘டார்க் ரெஞ்சு’ கருவியில் நியூட்டன் மீட்டர் என்ற அலகு பொறிக்கப்பட்டிருப்பதையும் பயிற்சி மாணவர் நாள்தோறும் காண்கின்றனர். விரிவுரையில் வரும் ‘டார்க்’, பாடநூலில் வரும் ‘திருப்பு விசை’, பேச்சில் வரும் ‘இழுத்தல்’ ஆகிய மூன்றும் ஒன்றே என்பதை எடுத்துக்கூறுவோர் இருந்தால் கற்றல் எளிதாகும்.

முன்னுரையில் சுட்டிய மின்காந்தக் கிரேனும் இங்கு நல்லதொரு பாடமாகும். சீரான புலத்தில் இருமுனையின் மீதான மொத்த விசை சுழியாதலால் அது திரும்பும், நகராது. 1581இல் இலண்டனைச் சேர்ந்த கருவிவினைஞர் இராபர்ட் நார்மன் நீரில் மிதக்கவிட்ட காந்த ஊசி வடதிசை நோக்கித் திரும்பியதேயன்றி வடக்கே நகரவில்லை என்பதை எடுத்துக்காட்டினார். புவியின் புலம் ஊசியின் நீளத்தளவில் சீரானது என்பதே அதற்குக் காரணம். கிரேனின் மின்காந்தத்திற்கு அருகிலோ புலம் இடத்திற்கிடம் விரைந்து மாறுகிறது. அதனால் காந்தமாக்கப்பட்ட இரும்புத் துண்டின் ஒரு முனை மற்றதைவிட வலிமையாக இழுக்கப்பட்டு, துண்டு மேலெழுகிறது. இருமுனை ஒன்றே, புலத்தின் தன்மைக்கேற்பத் திருப்புதலோ ஈர்த்தலோ மேலோங்குகிறது. திருப்பு விசை, விசை ஆகியவற்றின் வேறுபாட்டைக் காட்ட இதனினும் அண்மையான சான்று கும்மிடிப்பூண்டி மாணவருக்குத் தேவையில்லை.

7. விரிவுரைகளைப் பயன்படுத்தும் முறை

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் குடிசார், இயந்திரப் பொறியியல் பாடங்களைத் தமிழ்வழியில் தொடங்கியது. என்பிடெல் விரிவுரைகளின் எழுத்துப் படிகள் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பெயர்க்கப்பட்டு வருகின்றன. இம்முயற்சிகளின் பயன் கலைச்சொற்களைக் கையாளும் முறையைப் பொறுத்தது. அதற்கெனப் பின்வரும் நெறிகளைப் பரிந்துரைக்கலாம்.

ஒன்று, விரிவுரையைக் காண்பதற்கு முன் அதில் வரும் கலைச்சொற்களைப் பாடநூற் சொற்களோடு இணைத்துப் பட்டியலிடுதல். பட்டியலில் சொல்லுக்குச் சொல் இடுவதோடு அமையாமல் அலகையும் குறிப்பிட வேண்டும். திருப்பு விசைக்கு நியூட்டன் மீட்டர், இருமுனைத் திருப்புத்திறனுக்கு ஆம்பியர் சதுர மீட்டர், திறனுக்கு வாட் என மூன்றையும் அடுத்தடுத்து எழுதினாலே பாதி மயக்கம் நீங்கும்.

இரண்டு, காணொலியை இடையில் நிறுத்தி முன்கணிக்கச் செய்தல். சுருளின் தளம் புலத்திற்கு இணையாக உள்ளது. இப்போது திருப்பு விசை பெருமமா, சுழியா என்று கேட்டு, விடையை எழுதிய பின்னரே காணொலியைத் தொடர வேண்டும். கோணம் பற்றிய பிழை அவ்விடத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

மூன்று, கையால் செய்து காணுதல். மின்கலம், தாமிரக் கம்பி, சிறு காந்தம் ஆகியவற்றைக் கொண்டு எளிய சுருளொன்றை அமைத்து, அது எந்நிலையில் நிற்கிறது என்பதை நோக்கினால், திசைமாற்றி மோட்டாருக்கு ஏன் தேவை என்பதும் விளங்கும்.

நான்கு, வசன வரிகளைப் பெயர்ப்போர் துறைசார் சொற்பட்டியலைப் பின்பற்றுதல். ‘மொமெண்ட்’ என்பது காலப்பொருளில் வருகிறதா, திருப்புதற் பொருளில் வருகிறதா என்பதை இயற்பியல் அறிந்த ஒருவர் சரிபார்த்தல் வேண்டும்.

8. முடிவுரை

காந்தத் திருப்பு விசை, இருமுனைத் திருப்புத்திறன் ஆகிய தமிழ்ச் சொற்கள் தம் முதற்பகுதியால் ஆங்கிலச் சொற்களைவிட வெளிப்படையாகப் பொருளுணர்த்துகின்றன. திருப்புதல் என்னும் செயல் அவற்றில் கண்கூடாக உள்ளது. ‘விசை’, ‘திறன்’ ஆகிய பிற்பகுதிகள் பிற அளவுகளின் பெயர்களோடு ஒத்திருப்பதால் மயக்கம் தருகின்றன. அம்மயக்கம் அலகுகளைச் சுட்டுவதாலும் ஈழத்து வழக்கோடு ஒப்பிடுவதாலும் நீங்கும். ஆங்கில விரிவுரைகள் பெருகியுள்ள இக்காலத்தில் தமிழ்க் கலைச்சொல் தேவையற்றது என்ற எண்ணம் பொருந்தாது. விரிவுரை ஆங்கிலத்தில் அமைந்தாலும் தமிழ்வழி மாணவர் அதனைத் தாம் முன்னரே அறிந்த சொற்களின் துணைகொண்டே பொருள்கொள்கின்றனர். அச்சொற்களை விளக்கிக் கையளிப்பது தமிழாய்வாளர்க்கும் இயற்பியல் ஆசிரியர்க்கும் உரிய பொதுப்பணியாகும். நேம் பிளேட்டில் இல்லாத திருப்பு விசையைக் கணக்கிட்டு அறியும் பணியாளரை உருவாக்குவதில் அப்பணிக்கும் பங்குண்டு.